உள்ளூர் முகம், கையில் ஒரு புத்தகம்: நூலகச் சுவரொட்டியை ஆன்லைனில் செய்யும் முறை

அமெரிக்க நூலகச் சங்கம் 1980-களிலிருந்து ‘ரீட்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துச் சுவரொட்டிகள் போட்டு வருகிறது. ஒரு பிரபலம் நிற்பார், அவர் கையில் பிடித்த புத்தகம் இருக்கும், மேலே அந்தச் சொல் பெரிதாக நிற்கும். அவ்வளவுதான் வடிவமைப்பு. பின்னாளில் அதே அச்சில் அந்தந்த ஊர் ஆட்களை வைத்துச் செய்துகொள்ள வடிவமைப்புக் கோப்புகளையும் சங்கமே நூலகங்களுக்கு விற்றது. நடிகரை விட்டுவிட்டு அந்த இரண்டாவது யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் பள்ளி நூலகத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். பேருந்து நடத்துநர், தையற்கடை அக்கா, பத்தாம் வகுப்பு மாணவி, வாசகர் வட்டத் தலைவர் என்று தெரிந்த முகம் சுவரில் இருந்தால் தெரு நின்று பார்க்கும். ‘வாசிப்பை நேசிப்போம்’ என்ற வாசகத்தோடு இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரக் குழந்தையின் படம் போட்டால் யாரும் நிற்கப்போவதில்லை.

இதைச் செய்ய இன்று கணினியில் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம். உலாவியிலேயே முடியும். ஆனால் கருவியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, இது எங்கே எப்படி அச்சாகப் போகிறது என்பதுதான். தமிழ்ச் சுவரொட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் வடிவமைப்பில் அல்ல, அச்சகக் கணினியில். அதனால் கடைசியிலிருந்து முன்னோக்கி வருவதே நல்லது.

அளவு

நூலக அறிவிப்புப் பலகைக்கும் பள்ளிச் சுவருக்கும் ஏ3 போதும்: 297 × 420 மில்லிமீட்டர். ஏ4 சின்னது, மூன்றடி தள்ளி நின்றால் தலைப்பு மட்டுமே தெரியும். ஏ2 நன்றாக இருக்கும், ஆனால் பெரும்பாலான டிஜிட்டல் பிரிண்ட் கடைகளின் லேசர் எந்திரம் அதிகபட்சம் 13 × 19 அங்குலத் தாளைத்தான் எடுக்கும். ஏ2 என்றால் பிளாட்டர் என்ற அகலத் தாள் அச்சு எந்திரத்துக்கோ ஃப்ளெக்ஸுக்கோ போக வேண்டும், விலையும் தரமும் வேறாகிவிடும்.

கடைகளில் 12 × 18, 13 × 19 என்று இரண்டு தாள் அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஏ3 என்பது ஏறத்தாழ 11.7 × 16.5 அங்குலம். வண்ணம் தாளின் விளிம்பு வரை ஓட வேண்டும் என்றால் நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, அச்சிட்ட பின் வெட்ட வேண்டும். அப்படி விட்டால் அகலம் 303 மில்லிமீட்டர் ஆகிறது. 12 அங்குலத் தாளின் அகலம் 305தான். எந்திரம் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சிடாமல் விட்டுவிடும் என்பதால் 12 × 18-இல் வெள்ளைக் கோடு விழும். எனவே விளிம்பு வரை வண்ணம் வேண்டுமென்றால் 13 × 19 தாள் கேளுங்கள். இல்லையென்றால் வடிவமைப்பிலேயே சுற்றிலும் 10 மில்லிமீட்டர் வெள்ளைச் சட்டம் வைத்துவிடுங்கள். வெட்டும் வேலையே இல்லை, வீட்டு பிரிண்டரிலும் அதே கோப்பு ஓடும். என் ஓட்டு வெள்ளைச் சட்டத்துக்கே.

கேன்வாவில் முதல் ஐந்து நிமிடம்

கேன்வா என்பது உலாவியிலேயே ஓடும் வடிவமைப்புத் தளம். அதன் இலவசத் திட்டமே இந்த வேலைக்குப் போதும். பள்ளி ஆசிரியர் என்றால் கல்விக்கான கேன்வா இலவசம், அதில் கட்டணத் திட்டத்தின் பெரும்பகுதி திறந்திருக்கும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் நூலகம் நடத்தினால் அதற்கும் தனியாக ஓர் இலவசத் திட்டம் உண்டு. இரண்டுக்கும் சான்று கேட்பார்கள்.

புது வடிவமைப்பைத் திறக்கும்போது ‘போஸ்டர்’ என்ற தயார் அளவை எடுக்காதீர்கள். தனி அளவு கொடுத்து, அலகை பிக்சலிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றி, 297, 420 என்று இடுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், வேண்டும் என்று கணக்குப் போட்டு 3508 × 4961 பிக்சல் என்று கொடுப்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான், ஆனால் அந்தப் பரப்பில் 24 என்று போட்ட எழுத்து எறும்பளவு தெரியும், ஏனென்றால் கேன்வா ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றே எண்ணுகிறது. மில்லிமீட்டரில் அமைத்தால் 24 புள்ளி (எழுத்தளவின் அலகான பாயின்ட்) என்பது தாளிலும் உண்மையாக 24 புள்ளிதான்.

இதன் மறுபக்கமும் நினைவில் இருக்கட்டும். மில்லிமீட்டரில் அமைத்த ஏ3-ஐப் பிஎன்ஜி-யாக இறக்கினால் கிடைப்பது 1123 × 1587 பிக்சல் மட்டுமே. வாட்ஸ்அப்புக்கு அது தாராளம், அச்சுக்கு மங்கல். அளவைப் பெருக்கி இறக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் வருகிறது. அதனால் அச்சுக்கு எப்போதும் ‘பிடிஎஃப் பிரிண்ட்’ தான். அதில் எழுத்து படமாக மாறாமல் கோட்டுருவாகவே போகும், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. ஓரக் கூடுதல் வேண்டுமென்றால் அமைப்புகளில் பிரிண்ட் பிளீட் என்பதைத் தெரியும்படி செய்து, பின்னணியை அந்தக் கோடு வரை இழுத்துவிட்டு, இறக்கும்போது வெட்டுக்குறி, பிளீட் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள்.

கேன்வா பிடிக்கவில்லை என்றால் அதே வகைத் தளமான அடோப் எக்ஸ்பிரஸ் உண்டு. படத்தின் பின்னணியை நீக்குவது அதில் இலவசத் திட்டத்திலேயே கிடைக்கும், கேன்வாவில் அதற்குக் காசு. பலரும் யோசிக்காத இன்னொன்று கூகுள் ஸ்லைட்ஸ். பக்க அமைப்பில் தனி அளவாக 29.7 × 42 சென்டிமீட்டர் கொடுத்தால் அதுவும் ஒரு சுவரொட்டிப் பலகைதான். எழுத்துருப் பட்டியலில் ‘மேலும் எழுத்துருக்கள்’ என்பதைத் திறந்து எழுத்து முறையைத் தமிழுக்கு மாற்றினால் கூகுளின் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் வரிசையாக வரும். அலங்காரச் சரக்கு குறைவு. ஆனால் படம், தலைப்பு, நான்கு வரி என்ற நம் சுவரொட்டிக்கு அலங்காரம் தேவையில்லை. நூலகரும் தன்னார்வலர்களும் ஒரே கோப்பில் சேர்ந்து வேலை செய்யவும் இதுவே எளிது. ஓரக் கூடுதல் வைக்க இதில் தனி வசதி கிடையாது, பக்கத்தையே 30.3 × 42.6 ஆக அமைத்துக்கொண்டு, உள்ளே 3 மில்லிமீட்டர் வெட்டுப்படும் என்று நினைத்து வேலை செய்ய வேண்டும்.

படம் எடுப்பது

சுவரொட்டியின் பாதி இங்கேதான் இருக்கிறது. கைப்பேசி போதும். 12 மெகாபிக்சல் கேமரா செங்குத்தாக எடுத்தால் 3000 × 4000 பிக்சல் கிடைக்கும். ஏ3-இன் முழு உயரத்துக்கும் அதை நிரப்பினால் அங்குலத்துக்கு சுமார் 240 பிக்சல் வரும், சுவரொட்டிக்கு அது நல்ல தரம். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும், அங்குலத்துக்கு நூறுகூடத் தேறாது. முகம் மெழுகு பூசியது போல வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். வந்த கோப்பு 300 கேபி என்றால் அது சுருங்கியது, திருப்பிக் கேளுங்கள்.

செல்ஃபி கேமரா வேண்டாம். பல கைப்பேசிகளில் அது கண்ணாடி பிம்பமாகச் சேமிக்கும், புத்தகத் தலைப்பு திருப்பிப்போட்டபடி வரும். வேறொருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கட்டும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் நீட்டிய புத்தகம் பூதமாகவும் முகம் பின்னால் சிறுத்தும் தெரியும். புத்தகத்தை நெஞ்சுயரத்தில், உடலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். நூலகப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள், டியூப் லைட் அதில் வெள்ளைப் பட்டையாக விழும். மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்தால் அந்தப் பட்டை போய்விடும். ஆளை ஜன்னலைப் பார்த்து நிற்க வையுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி அல்ல.

பின்னணிக்குப் புத்தக அலமாரி அழகுதான், ஆனால் ஆள் அதிலிருந்து ஐந்தடியாவது முன்னே வரட்டும். போர்ட்ரெய்ட் மோடு போட்டால் கைப்பேசி சில நேரம் புத்தகத்தின் மூலையையும் கம்மலையும் சேர்த்து மங்கலாக்கிவிடும், சாதாரண மோடிலும் ஒன்று எடுத்து வையுங்கள். முக்கியமாக, தலைக்கு மேலே கால்வாசி இடம் காலியாக விட்டு எடுங்கள். தலைப்பு உட்காரப்போவது அங்கேதான். படம் எடுத்த பிறகு இடம் தேடினால் நெற்றியில் எழுத்து ஏறும்.

படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இந்தப் படம் நூலகச் சுவரிலும் நூலகத்தின் சமூக ஊடகப் பக்கத்திலும் வரும்’ என்று எங்கெல்லாம் என்பதைக் குறிப்பிட்டு ஒரு வரி, கையெழுத்து, தேதி. மாணவர் என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள அனைவரையும் குழந்தை என்றே கணக்கிடுகிறது. குழந்தையின் சுவரொட்டியில் முதல் பெயரும் வகுப்பும் போதும். முழுப்பெயர், தெரு, தொலைபேசி எதுவும் வேண்டாம்.

தமிழ் எழுத்து: எங்கே உடைகிறது

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. கூகுள் எழுத்துருக்களில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, அரிமா, கவிவனார், காயினி, பவனம், பலூ தம்பி, அனேக், டீரோ என்று ஒரு படையே இருக்கிறது. கேன்வாவிலும் இவற்றில் பல உண்டு, பெயரைத் தட்டித் தேடுங்கள். தலைப்புக்குப் பலூ தம்பியின் தடித்த வடிவம் குழந்தைகள் பகுதிக்கு நன்றாக எடுபடும். கேட்டமரன், அனேக் இரண்டிலும் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல எடைகள் உண்டு, ஒரே குடும்பத்தை வைத்துத் தலைப்பும் உள்வரியும் முடித்துவிடலாம். காயினி, பவனம் போன்றவற்றுக்கு ஒரே எடைதான். அவற்றின் மீது ‘போல்ட்’ பட்டனை அழுத்தினால் கருவி செயற்கையாக எழுத்தை வீங்க வைக்கும். ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். தடிமன் வேண்டுமென்றால் தடித்த எடை உண்மையிலேயே உள்ள எழுத்துருவை எடுங்கள்.

கேன்வாவில் எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் மட்டும் அப்படியே நிற்கிறதா? அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். கருவி தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை ஒட்டவைத்துக் காட்டுகிறது. ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழை ஒட்டும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கும், எல்லாச் சுவரொட்டியும் ஒரே முகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

எழுத்து இடைவெளியைச் சுழியத்திலேயே வையுங்கள். ஆங்கில வார்ப்புருக்களில் தலைப்புக்கு இடைவெளி கூட்டி வைத்திருப்பார்கள். அது தமிழுக்கு வந்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் உடலைவிட்டுத் தனித்தனியே நகர்ந்து நிற்கும். எழுத்தை வளைக்கும் விளைவு, ஒவ்வோர் எழுத்தாக ஆடி வரும் அனிமேஷன் ஆகியவையும் இதே வகை ஆபத்து. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு துண்டு. தமிழில் ‘நூ’ ஒரே வடிவம், ‘கொ’ மூன்று துண்டு, சேமிப்பிலோ இரண்டு குறியீடு. எழுத்தைத் துண்டு துண்டாகக் கையாளும் எந்த விளைவும் இங்கே தடுமாறும்.

வரி இடைவெளி 1.3-க்குக் கீழே போக வேண்டாம். மேல்வரியின் ‘கூ’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ்வரியின் புள்ளியும் ‘கீ’யின் கொக்கியும் மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். இதைவிடக் கொடுமை நீளச் சொல். ‘வாசிக்கிறவர்களுக்காக’ என்பதைத் தலைப்பில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கினால், பெட்டியின் அகலம் போதாமல் சொல் நடுவில் ஒடிந்து மறுவரிக்குப் போகும். கருவி தமிழுக்குச் சரியான இடத்தில் பிரிக்காது. தலைப்புக்கு இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று, ஒவ்வொன்றும் ஆறு எழுத்துக்குள். ‘நான் படித்தேன்.’ ‘இதைப் படிங்க.’ ‘அடுத்தது நீங்க!’ பேச்சுத் தமிழ் தலைப்புக்கு நன்றாகவே வேலை செய்கிறது. படத்தில் இருப்பவர் உங்களிடம் சொல்வது போல இருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு: பத்தடி தள்ளி நின்று சிரமமில்லாமல் படிக்க எழுத்தின் உடல் ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது பலகை எழுதுபவர்களின் பழைய விதி. தமிழ் எழுத்துருக்களில் ‘க’வின் உயரம் புள்ளி அளவில் பாதி அல்லது சற்று அதிகம்தான் இருக்கும், ஏனென்றால் மேலும் கீழும் கொக்கிகளுக்கு இடம் விட வேண்டும். எனவே ஓர் அங்குல ‘க’வுக்கு 130 முதல் 144 புள்ளி வரை போட வேண்டியிருக்கும். ஏ3-இல் தலைப்பு 120-க்கு மேல், பெயரும் புத்தகத் தலைப்பும் 40 அளவில், மற்ற விவரம் 24-க்குக் குறையாமல். 18 புள்ளிக்கு இறங்கினால்தான் எல்லாம் அடங்கும் என்ற நிலை வந்தால், தகவல் அதிகமாகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியிடம் பின்னணி கேட்கலாம், எழுத்தைக் கேட்கக் கூடாது. தமிழ் போலவே தெரியும் ஏதோ ஒன்றை வரைந்து தரும், கொம்பும் கொக்கியும் இடம் மாறியிருக்கும். நூலகச் சுவரில் பிழையோடு ஓர் எழுத்து நிற்பதை ஊரில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். அதே காரணத்துக்காக ஒற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்: புத்தகக் கண்காட்சி, கதைப் புத்தகம், நூலகத் தந்தை. கடைசியாகச் சொன்னது இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிய சுவரொட்டிகளில் தவறாமல் தவறும் இடம்.

என்ன எழுதுவது

படம், தலைப்பு, ‘இவர் யார்’ என்று ஒரு வரி, புத்தகத்தின் பெயரும் ஆசிரியரும், அது நூலகத்தில் இருக்கும் இடம். கடைசி விவரத்தைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுவரொட்டியைப் பார்த்து உள்ளே வருபவருக்கு அந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று தெரிய வேண்டும். நூலகங்கள் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் இடும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் 894.811, அந்த எண்ணை மட்டும் போட்டால் புதியவருக்கு ஒன்றும் புரியாது. ‘நாவல் பகுதி, மூன்றாவது அலமாரி, இரண்டாம் தட்டு’ என்று எழுதி, பக்கத்தில் சிறிதாக எண்ணைப் போடுங்கள். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கிற புத்தகத்தைச் சுவரொட்டியில் வைக்காதீர்கள். முதல் ஆள் எடுத்துப் போனதும் மற்றவர்களுக்கு ஏமாற்றம். ஒரே பிரதிதான் என்றால், அதே வகையில் வேறு இரண்டு தலைப்புகளையும் கீழே சேருங்கள்.

நூலக நேரம், வார விடுமுறை, உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும் ஆகிய மூன்றும் ஒரே வரியில் அடியில் வரட்டும். நூலகர் பெயர் வேண்டாம், பணிமாறுதல் வந்தால் சுவரொட்டி பழசாகிவிடும்.

க்யூஆர் கட்டம் வைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ‘டைனமிக்’ கட்டம் தரும் தளங்கள் பல சோதனைக் காலம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துப் பணம் கேட்கும். சுவரில் ஒட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முகவரியையே நேராகப் பொதிந்து தரும் ‘ஸ்டாட்டிக்’ கட்டம் காலாவதியாகாது; கேன்வாவின் உள்ளேயே அப்படி ஒன்றை உருவாக்கலாம். இரண்டாவது, முகவரியில் தமிழ். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும், ஆகக் குறியீடு ஒன்றுக்கு ஒன்பது எழுத்து. ‘நூலகம்’ என்ற நான்கெழுத்துச் சொல் ஆறு குறியீடு, முகவரியில் 54 எழுத்து. நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (கட்டம் கொஞ்சம் சிதைந்தாலும் படிக்கும்படி வைக்கும் அமைப்பு) 42 எழுத்து வரையிலான முகவரிக்கு 29 × 29 கட்டம் போதும். 120 எழுத்தைத் தொட்டால் 45 × 45 ஆகிவிடும். 3 சென்டிமீட்டர் அகலத்தில் முதலாவதில் ஒரு சிறு கட்டம் ஒரு மில்லிமீட்டர், இரண்டாவதில் அதில் மூன்றில் இரண்டு பங்கு. பழைய கைப்பேசியும் மங்கல் வெளிச்சமும் சேர்ந்தால் இரண்டாவது படியாது. அதனால் முகவரி குட்டையாக, ரோமன் எழுத்தில் இருக்கட்டும். கட்டத்தின் அகலம், படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு: ஒரு முழம் தள்ளி நிற்பவருக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர். சுற்றிலும் நான்கு சிறு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். நிறம் கருப்பே நல்லது.

பத்துப் பேருக்குப் பத்துச் சுவரொட்டி

முதல் சுவரொட்டியில் படத்தை நேரடியாக வைக்காமல் ‘ஃப்ரேம்’ என்ற சட்டத்துக்குள் விடுங்கள். பக்கத்தை நகலெடுத்து, புதுப் படத்தை அந்தச் சட்டத்தின் மேல் இழுத்துப்போட்டால் அதே அளவில் தானாக உட்காரும். பெயரையும் புத்தகத்தையும் மாற்றினால் முடிந்தது. பத்துப் பேர் வரைக்கும் இதுவே வேகமான வழி.

பள்ளியில் ஐம்பது மாணவர் என்றால் கேன்வாவின் மொத்த உருவாக்க வசதியைப் பார்க்கலாம். கட்டணத் திட்டத்திலும் கல்வித் திட்டத்திலும் அது உண்டு. எக்செல்லில் பெயர், வகுப்பு, புத்தகம், ஆசிரியர், அலமாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை அமைத்து, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து ஏற்றலாம். எக்செல்லின் சேமிப்புப் பட்டியலில் சிஎஸ்வி இரண்டு மூன்று வகையாக இருக்கும். சாதாரண வகையில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று இருப்பதையே எடுங்கள். கூகுள் ஷீட்ஸிலிருந்து இறக்கினால் இந்தத் தொல்லை கிடையாது. பட்டியலில் உள்ள மிக நீளமான புத்தகப் பெயரை வைத்து முதல் பக்கத்தை அமையுங்கள். குட்டைப் பெயரை வைத்து அமைத்தால் இருபதாவது பக்கத்தில் எழுத்து பெட்டியை விட்டு வழிந்திருக்கும்.

அச்சகத்தில்

நம் ஊர் அச்சகக் கணினிகளில் இன்னும் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தான் ஆட்சி. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினியில் எண்ணாகச் சேமிக்கும் முறை, வைத்திருந்தது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற இரண்டைத் தரப்படுத்தியது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. அச்சுத்தொழில் இந்த மாற்றத்தோடு முழுதாக நகரவில்லை. உங்கள் பிடிஎஃப்பைக் கடைக்காரர் பார்வைக்குத் திறந்தால் சரியாகத் தெரியும், ஏனென்றால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதையே கோரலில் ‘இம்போர்ட்’ செய்து எழுத்தாகத் திறந்தால், பழைய பதிப்புக்குத் தமிழைக் கோக்கத் தெரியாமல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், புள்ளி தனியாக நிற்கும். கடையில் இரண்டே வார்த்தை சொல்லுங்கள்: ‘எடிட் பண்ண வேண்டாம், பிடிஎஃப்பை அப்படியே பிரிண்ட் விடுங்க.’ தாள்களை அடுக்குவதற்காகக் கோரலில் கொண்டுபோய்த்தான் தீருவார் என்றால், கேன்வாவில் இறக்கும்போது ‘ஃப்ளாட்டன்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். எல்லாம் ஒரே படமாகிவிடும், உடைய எழுத்தே இருக்காது. கோப்பு பெரிதாகும், எழுத்தின் கூர்மை கொஞ்சம் குறையும், ஏ3-க்கு அது கண்ணில் படாது. கணினியில் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருள் இருந்தால் எழுத்தைப் பாதையாக மாற்றியும் கொடுக்கலாம், அது கூர்மையும் குறையாது.

நிறம் திரையில் பார்த்தது போல வராது. திரை ஒளியால் காட்டும் மின்னல் நீலமும் கிளிப்பச்சையும் மையில் கிடையாது, மங்கித்தான் வரும். அச்சு மையின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் இறக்கும் வசதி கேன்வாவில் கட்டணத் திட்டத்துக்கு மட்டும். இலவசத்தில் இருப்பவர்கள் முதலிலேயே அடர் சிவப்பு, கருநீலம், மஞ்சள், காவி என்று மையில் நன்றாக வரும் நிறங்களை எடுத்தால் தலைவலி இல்லை. கருத்த பின்னணியில் மெல்லிய வெள்ளைத் தமிழ் எழுத்து வேண்டாம். மை பரவி ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும்.

தாள்: 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பர் சுவரில் ஒட்ட, 300 ஜிஎஸ்எம் போர்டு மேசை மேல் நிறுத்த. லேமினேஷன் செய்தால் மேட். பளபளப்பில் டியூப் லைட் விழுந்து பாதி முகம் மறையும். ஃப்ளெக்ஸ் இந்த வேலைக்குச் சரியில்லை. பத்தடி தள்ளிப் பார்க்கத்தான் அது, அருகில் நின்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், க்யூஆரும் தடுமாறும். வாசலில் நூலக வார விழா பேனருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, பத்தடி தள்ளி ஒட்டிப் படித்துப் பாருங்கள், க்யூஆரை இரண்டு கைப்பேசியில் அடித்துப் பாருங்கள். அதே கோப்பை ஏ4-இல் கருப்பு வெள்ளை ஜெராக்ஸும் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் பக்கத்துப் பள்ளிக்கும் டீக்கடைக்கும் போகப்போவது அந்த ஜெராக்ஸ்தான். சிவப்புப் பின்னணியில் கருப்பு எழுத்து போட்டிருந்தால் ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும்.

நாள் பார்த்து ஒட்டுவது என்றால் ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்ட் 12 ரங்கநாதன் நினைவாக நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் அச்சகங்களில் குழந்தைகள் தின வேலையும் குவியும், கோப்பை நவம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சுவரொட்டியில் தேதி போடாமல் இருந்தால் அது ஜனவரி வரை சுவரில் இருக்கலாம். ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப் போட்டால் எடுக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும். அறிவிப்புப் பலகையில் குண்டூசி, கண்ணாடிக் கதவில் உள்பக்கமிருந்து செலோடேப்.